பொம்மனஹள்ளிக்கு இருமுறை

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொம்மனஹள்ளி புதிய ஊர் அன்று. ஓசூரிலிருந்து பேருந்தில் வருவோர், நகரத்தின் வாயிலை அடைந்துவிட்டோம் என்று மூட்டை முடிச்சுகளைச் சரிசெய்யத் தொடங்கும் இடம் அது. நம்மவருள் பலர் முதன்முதலில் தகரப் பெட்டியோடு இறங்கிய இடமும் அதுவே. நாங்களும் இருபது ஆண்டுகளாக அவ்வழியே போய்வந்தவர்களே. அத்தை வீட்டுக்குச் செல்வதும், உணவு உண்பதும், இருட்டுமுன் திரும்புவதுமாக இருந்தோமேயன்றி, ஊரைப் பார்த்தோம் என்று சொல்வதற்கில்லை.

அண்மையில் அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே செல்ல நேர்ந்தது. முதன்முறை ஒரு கருத்தோடு சென்றோம். இரண்டாம் முறை அக்கருத்தை மாற்றிக்கொண்டு சென்றோம். ஆதலின் இக்கட்டுரை ஓர் ஊரைப் பற்றியதாகவும், தலைக்கவசத்தைப் பற்றியதாகவும், கடல் கடந்த ஆஸ்திரேலிய நாட்டுப் பந்தாட்டம் ஒன்றைப் பற்றியதாகவும் அமைந்துவிட்டது. அன்பர்கள் பொறுத்தருள்க.

முன்னெல்லாம் அல்சூரிலிருந்து பொம்மனஹள்ளிக்குச் செல்வதென்றால் அரை நாள் போய்விடும். சில்க் போர்டு சந்திப்பில் பேருந்து நின்றால் நின்றதுதான். கையில் கொண்டுசென்ற மல்லிகைப் பூ அங்கேயே வாடிவிடும். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் மஞ்சள் வழித்தட மெட்ரோ ரயில் திறக்கப்பட்டபின் அத்துன்பம் பெரிதும் நீங்கிற்று. ஊதா வழித்தடத்தில் மெஜஸ்டிக் வரை சென்று, பச்சை வழித்தடத்துக்கு மாறி, ஆர்.வி. ரோடு நிலையத்தில் மஞ்சள் ரயிலைப் பிடிக்க வேண்டும். ராகிகுட்டா, ஜெயதேவா மருத்துவமனை, பி.டி.எம். லேஅவுட், சில்க் போர்டு ஆகிய நிலையங்களைக் கடந்தால் பொம்மனஹள்ளி வந்துவிடும். ராகிகுட்டாவுக்கும் சில்க் போர்டுக்கும் இடையே மேலே ரயில், நடுவே மேம்பாலம், தரையில் சாலை என்று மூன்று அடுக்காகப் போக்குவரத்து நடக்கிறது. எங்கள் இளைய மகன் சாளரத்தை விட்டு நகரவே இல்லை. ‘கீழே போகிறவர்கள் எல்லாரும் ஏன் இவ்வளவு சின்னவர்களாக இருக்கிறார்கள்?’ என்று கேட்டான். மேலிருந்து பார்க்கும்போது மனிதர் தெரிவதில்லை, தலைகள்தாம் தெரிகின்றன. அதிலும் அச்சாலையில் தெரிபவை தலைகள்கூட அல்ல. கறுப்பும் சிவப்பும் நீலமுமான தலைக்கவசங்கள். நிழற்சாலையில் உதிர்ந்த நாவற்பழங்கள் உருண்டு ஓடுவதைப் போன்ற காட்சி அது.

ஊரின் பெயரைப் பற்றி ஒரு சொல். நம் ‘பள்ளி’தான் கன்னடத்தில் ‘ஹள்ளி’ ஆயிற்று என்பது மொழிநூலார் கூற்று. திருச்சிராப்பள்ளியின் பள்ளியும் பொம்மனஹள்ளியின் ஹள்ளியும் உடன்பிறந்தவை. பொம்மன் என்பானுடைய ஊர் என்று பொருள் கொள்ளலாம். அந்தப் பொம்மன் யார் என்று நாங்கள் விசாரித்துப் பார்த்தோம். தேநீர்க் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தாரேயன்றி விடை கூறவில்லை.

பழைமையை நாடுவோர் சற்றே தெற்கில் உள்ள பேகூருக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள நாகேசுவரர் கோயிற் கல்வெட்டு ஒன்று ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதில் ‘பெங்களூர்ப் போர்’ என்ற குறிப்பு வருகிறது. வெந்த அவரையைக் கொடுத்ததனால் ‘பெந்தகாளூரு’ ஆயிற்று என்று பிற்காலத்து அரசன் ஒருவனைச் சார்த்திக் கதை சொல்வோர் அக்கல்வெட்டின்முன் வாய்மூடி நிற்க வேண்டியதுதான். கங்கர் காலத்திலேயே பெங்களூர் என்ற பெயர் இருந்தது. அப்பெயரால் ஒரு போரும், அப்போரில் ஒரு சாவும் இருந்தன.

இன்றைய பொம்மனஹள்ளி ஆலைகளால் எழுந்த ஊர். தனி நகராட்சியாக இருந்து 2007-ஆம் ஆண்டில் பெங்களூர்ப் பெருநகரோடு இணைக்கப்பட்டது. ஓசூர்ச் சாலையின் இருமருங்கிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த நம் பெண்மக்கள் அவற்றில் ஆயிரக்கணக்கில் தையல் எந்திரத்தின்முன் அமர்ந்து வாழ்க்கையைத் தைத்துக்கொண்டார்கள். 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு இடப்பட்ட புதிய தடையை எதிர்த்து, இவ்வூர்ப் பெண்கள் ஓசூர்ச் சாலையில் அமர்ந்தபோது நகரமே அசையாது நின்றது. மறுநாளே அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. எங்கள் அத்தையும் அன்று சாலையில் அமர்ந்தவர்களுள் ஒருவர். அதனை அவர் தாமாகச் சொல்லமாட்டார். கேட்டால், ‘வெயில் அதிகமாக இருந்தது’ என்பார்.

நிலையத்திலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது தலைக்கவசக் கடை. கடை என்று சொல்வது மிகை. நடைபாதை ஓரத்துக் கம்பி வேலியில் கயிறு கட்டி முப்பது நாற்பது கவசங்களைத் தொங்கவிட்டிருந்தார் ஒருவர். அவற்றுட் பாதி காதுவரை வாராத அரைக் கவசங்கள். பின்பக்கத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தோம். முத்திரை இருந்தது, ஆனால் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும் போலிருந்தது. 2021-ஆம் ஆண்டு சூன் முதல், தரமுத்திரை பெறாத இருசக்கர வண்டித் தலைக்கவசங்களை விற்பது இந்நாட்டில் குற்றம். கடைக்காரர் அதனை அறிந்தவர்தாம். ‘போலீசுக்கு இது போதும் சார்’ என்று அழகிய தமிழில் விடை கூறினார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்நாட்டுத் தலைக்கவச வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது. தலைக்காக வாங்குவோர் சிலர். போலீசுக்காக வாங்குவோர் பலர்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, மோட்டார் சைக்கிளை ஓட்டுவோரும் அதில் அமர்ந்து செல்வோரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கு உண்டு. 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளும் அணிய வேண்டும் என்றாயிற்று. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பது வேறு. சாலையில் கேட்கப்படுவது வேறு. கர்நாடக மாநிலத்தில் பின்னால் அமர்பவரும் கவசம் அணிய வேண்டும் என்று உறுதியாகக் கேட்கத் தொடங்கியது 2016 சனவரியில்தான்.

அத்தையின் கணவர் இறந்தது 2014-இல்.

இதனைச் சொல்லாமல் மேலே எழுத இயலாது. மாமா தம் நண்பருடைய வண்டியின் பின்னால் அமர்ந்து, கூட்லு கேட் பக்கம் ஒரு திருமணப் பேச்சுக்காகச் சென்றார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாலையில் இருந்த குழியில் முன்சக்கரம் இறங்கிற்று. வண்டி வேகமாகவும் செல்லவில்லை. ஓட்டியவர் தலையில் கவசம் இருந்தது. அவருக்கு முழங்கை முறிந்தது. மாமாவின் தலையில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் அவரைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுசென்றோம். அத்திருமணம் பின்னர் வேறொரு நாளில் நடந்தது. அந்த மணமகள்தான் இன்று மெல்பர்ன் நகரில் வாழும் அத்தை மகள்.

அன்று முதல் அத்தை வீட்டு வாயிலில் ஓர் ஆணியும், அதில் ஒரு தலைக்கவசமும் உண்டு. அத்தைக்கு வண்டி இல்லை. யாராவது அவசரத்துக்கு வண்டியில் அழைத்தால் எடுத்து அணிந்துகொள்வதற்காக அது. கோயிலுக்குச் சென்றாலும் சரி, அடுத்த தெருவில் அரிசி வாங்கச் சென்றாலும் சரி, பின்னால் அமர வேண்டுமென்றால் அது தலைக்கு ஏறிவிடும். தெருப்பிள்ளைகள் ‘ஹெல்மெட் ஆயா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அவர் அதற்கு வருந்துவதில்லை. நாள்தோறும் காலையில் சஷ்டி கவசம் சொல்கிறவர் அவர். ‘முருகனிடம் ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக் காக்கச் சொல்கிறோம்; தலைக்கு மட்டும் நாமும் கொஞ்சம் உதவி செய்தால் என்ன?’ என்று கேட்பார்.

முதல் ஞாயிறன்று நாங்கள் சென்றபோது அத்தை சமையலை முடித்துவிட்டு, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். முகம் சரியாக இல்லை. ‘வாங்க கண்ணு’ என்றவர், உட்காரச் சொல்லுமுன் கைப்பேசியை நீட்டினார். மெல்பர்னிலிருந்து மகள் அனுப்பிய ஒளிப்படக் காட்சி. பச்சைப் புல்வெளியில் முப்பது முப்பத்தைந்து பிள்ளைகள் ஒரு முட்டை வடிவப் பந்தின் பின்னே ஓடினார்கள். ஒருவன் மேலெழும்பி, முன்னின்றவனுடைய முதுகில் முழங்காலை ஊன்றிப் பந்தைப் பிடித்தான். கீழே இருந்தவன் குப்புற விழுந்தான். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

‘விழுந்தானே, அவன்தான் நம் பேரன்’ என்றார் அத்தை. ‘இல்லை, பிடித்தவன்தான் பேரன்’ என்றாள் எங்கள் மகள். அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. சின்னத் திரையில் யார் யார் என்று பிரித்தறிய முடிவதில்லை. எவன் பேரனாயிருந்தாலும் அவருடைய கேள்வி ஒன்றுதான்: ‘ரோட்டுக்குச் சட்டம் போட்டவர்கள் மைதானத்துக்கு ஏன் போடவில்லை? ஒருத்தன் தலையிலும் ஒன்றும் இல்லையே!’

பேரன் இன்னும் சிறுவன். அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் ஒன்றில் சேர்ந்திருக்கிறான். மகளிடம் கேட்டதற்கு, தலைக்கவசம் அங்கே கட்டாயம் இல்லை, விரும்பினால் அணியலாம், பல்லுக்கு மட்டும் உறை அணிகிறார்கள் என்று விடை வந்ததாம். ‘பல்லைக் காப்பாற்றி என்ன செய்வது?’ என்றார் அத்தை. ‘நீங்கள் நாலு எழுத்துப் படித்தவர்கள். சங்கத்துப் பத்திரிகையில் எல்லாம் எழுதுகிறீர்கள். அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஆடக்கூடாது என்று அந்த ஊர்ச் சர்க்காருக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.’

நாங்கள் உடனே ஒப்புக்கொண்டோம். மாமாவின் படம் சுவரில் இருக்க, அதன் கீழமர்ந்து வேறு என்ன சொல்ல முடியும்? அதுமட்டுமன்று, எங்கள் கருத்தும் அதுவாகவே இருந்தது.

வீடு திரும்பியபின் கடிதம் எழுதுவதற்காகச் செய்தி திரட்டினோம். அங்கேதான் வழி தவறிற்று, அல்லது வழி தெரிந்தது.

முதலில் கிடைத்தவையெல்லாம் அத்தையின் பக்கமே நின்றன. 1935-ஆம் ஆண்டு மே திங்களில், ‘அரேபியாவின் லாரன்சு’ என்று புகழ்பெற்ற டி.ஈ. லாரன்சு இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாள் நினைவிழந்து கிடந்து மாண்டார். அவரைக் காக்க அழைக்கப்பட்ட மருத்துவருள் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்சு என்னும் மூளை அறுவை வல்லுநர். அவர் பிறந்தது ஆஸ்திரேலியாவில். அச்சாவு அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. இராணுவத்தில் வண்டியோட்டிச் செய்தி கொண்டுசெல்லும் வீரர் பலர் தலையடிபட்டு மாள்வதை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் வண்டியோட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. பின்னர், 1961-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், உலகிலேயே முதன்முறையாகப் பொதுமக்களாகிய மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் அனைவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிய அரசு எது? விக்டோரியா மாநில அரசு. அதன் தலைநகர் மெல்பர்ன்! மிதிவண்டி ஓட்டுவோருக்கும் 1990-இல் அவ்வரசே முதலில் கட்டாயமாக்கிற்று.

எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அத்தையின் கேள்விக்கு இதைவிட வலிமையான ஆதாரம் வேண்டுமா? உலகத்துக்கே தலைக்கவசச் சட்டத்தைக் கற்பித்த ஊர், தன் பிள்ளைகளைத் தன் சொந்த விளையாட்டில் வெறுந்தலையோடு விடுகிறது! அவ்விளையாட்டும் அவ்வூரிலேயே பிறந்தது. 1859-இல் அங்கேதான் அதன் முதல் விதிகள் எழுதப்பட்டன. ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், நீள்வட்ட மைதானம், காலால் உதைக்கலாம், கைமுட்டியால் தட்டலாம், ஆளைப் பிடித்து வீழ்த்தலாம். அணிந்திருப்பது கையில்லாச் சட்டையும் அரைக்காற் சட்டையும் மட்டுமே. கடிதத்தின் முதல் பத்தியை நல்ல காரமாகவே எழுதிவிட்டோம்.

இரண்டாம் பத்தியில் பேனா நின்றுவிட்டது.

காரணத்தை விளக்க ஒரு தேங்காயை எடுத்துக்கொள்வோம். மட்டை உரிக்காத தேங்காய் மரத்திலிருந்து விழுந்தாலும் ஓடு உடைவதில்லை. நார் அடியைத் தாங்கிக்கொள்கிறது. உரித்த தேங்காய் விழுந்தால் உடைந்துவிடும். சாலைக் கவசம் செய்வது மட்டையின் வேலை. வெளியே கெட்டியான ஓடு, உள்ளே நசுங்கிக்கொடுக்கும் தெர்மோகோல். தார்ச்சாலையில் தலை மோதும் வேகத்தை அது விழுங்கிக்கொள்கிறது. உலக நாடுகளின் ஆய்வுகளையெல்லாம் ஒருங்கே திரட்டி மதிப்பிட்டு 2008-இல் வெளியான மருத்துவ அறிக்கை, மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் சாவை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கூறுகிறது. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் மாண்டோர் 50,029 பேர் என்பது நடுவண் அரசின் கணக்கு. அவர்களுள் 14,337 பேர் மாமாவைப் போலப் பின்னால் அமர்ந்து சென்றவர்கள்.

ஆனால் மட்டையோடு இருக்கும் தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே நீர் ஆடும். மட்டை எவ்வளவு தடித்திருந்தாலும் ஆடும். பந்தாட்டக்காரனுக்கு நேர்வது பெரும்பாலும் அதுதான். அவனுடைய மண்டையோடு உடைவதில்லை. ஓட்டுக்குள் இருக்கும் மூளை திடீரென்று குலுங்குகிறது, முறுக்கிக்கொள்கிறது. தோளில் மோதினாலும் தலை சுண்டப்பட்டு மூளை அதிரலாம். இந்த மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் கவசத்தை இதுவரை எவரும் செய்யவில்லை. அவ்வாட்டத்தில் சிலர் அணிவது மெத்தென்ற நுரைத் தொப்பி. காது கிழியாமலும் தோல் வெடிக்காமலும் அது காக்கும். ஆஸ்திரேலிய நாட்டில் இளைஞர் ரக்பி ஆட்டக்காரர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடத்தி 2009-இல் வெளியிட்ட சோதனையில், இத்தகைய மெத்தைத் தொப்பி அணிந்தோருக்கும் அணியாதோருக்கும் மூளை அதிர்ச்சி ஏற்படுவதில் வேறுபாடு காணப்படவில்லை.

அப்படியானால் கெட்டியான கவசம் அணிந்தால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்கர் அதைச் செய்து பார்த்தார்கள். அவர்களுடைய பந்தாட்டத்தில் இரும்புக் கூண்டு வைத்த கவசம் அணிகிறார்கள். கவசம் வந்தபின் தலை ஆயுதமாயிற்று. தலையால் முட்டுவது ஆட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. மைக் வெப்ஸ்டர் என்னும் புகழ்பெற்ற வீரர் 2002-இல் மாண்டபின் அவருடைய மூளையைச் சோதித்தபோது, பல்லாண்டு வாங்கிய மோதல்களால் அது நலிந்திருந்தது கண்டறியப்பட்டது. கவசமின்றி அவர் ஒரு நாளும் ஆடியவரல்லர். கிரிக்கெட்டின் நிலை வேறு. அங்கே மோதுவது மனிதன் அல்லன், கல்லொத்த பந்து. 1962-இல் பார்படோசில் நம் அணித்தலைவர் நரி கான்ட்ராக்டரின் மண்டை உடைந்ததும், 1998-இல் டாக்காவில் கவசமின்றி அருகில் நின்று பந்து தடுத்த ராமன் லாம்பா உயிரிழந்ததும் கவசம் இருந்திருந்தால் நேர்ந்திரா என்று எண்ண இடமுண்டு. கவசம் அணிந்தும் பிலிப் ஹ்யூஸ் 2014-இல் சிட்னியில் மாண்டாரே என்பீர்கள். பந்து பட்டது கவசத்துக்குக் கீழே, கழுத்தில். அதன்பின் கழுத்துக் காப்பு வந்தது. பந்துக்குக் கவசம் உதவும்; குலுக்கலுக்கு உதவாது.

ஆஸ்திரேலியக் கால்பந்தில் இதற்கு இரண்டு சான்றுகள் கிடைத்தன. மெல்பர்ன் அணியின் ஆங்கஸ் பிரேஷா முன்னமே அடிபட்டவர் ஆதலால் பல ஆண்டுகள் தலைக்கவசத்தோடு ஆடினார். 2023 செப்டம்பரில் ஒரு மோதலில் மைதானத்திலேயே நினைவிழந்தார். 2024 பிப்ரவரியில் மருத்துவர் சொற்படி ஆட்டத்தையே துறந்தார்.

மற்றவர் ஹெதர் ஆண்டர்சன் என்னும் பெண்மணி. 2017-இல் கோப்பை வென்ற அடிலெய்டு மகளிர் அணியில் ஆடியவர். அவரும் தலைக்கவசம் அணிந்தே ஆடினார். அதுவும் பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிறத்தில். ஏனெனில் அவருடைய தாய்க்குப் பார்வை குறைவு. இத்தனை பேருள் தன் மகள் யார் என்று தாய் கண்டுகொள்வதற்காக அந்நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். 2022 நவம்பரில், தம் இருபத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தார். மோதல்களால் மூளை நலியும் அந்நோய் அவருக்கு இருந்ததை 2023-இல் மருத்துவர்கள் அறிவித்தார்கள். விளையாட்டு வீராங்கனை ஒருவருக்கு அந்நோய் உறுதிசெய்யப்பட்டது உலகில் அதுவே முதன்முறை.

இதைப் படித்தபின் கடிதத்தைக் கிழித்துவிட்டோம். கட்டாயம் என்பது பெரிய சொல். ஒருவரைக் கட்டாயப்படுத்தும் அரசு, அதனால் அவர் காக்கப்படுவார் என்று உறுதி கூற வேண்டும். சாலையில் அவ்வுறுதி இருக்கிறது. கேளாதவரிடம் அபராதம் வாங்குவதில் தவறில்லை. மைதானத்தில் அவ்வுறுதி இல்லை. இல்லாத காப்பைக் கட்டாயமாக்கினால், ‘தலையில்தான் இருக்கிறதே’ என்ற துணிச்சல் பிள்ளைக்கும் வரும், பெற்றோருக்கும் வரும். ஓசூர்ச் சாலைக் கம்பிவேலியில் தொங்கும் அரைக் கவசத்துக்கும் அதற்கும் வேறுபாடு என்ன? அதுவும் ‘கேட்பவருக்கு இது போதும்’ என்ற வகையாகிவிடும். அங்குள்ள கால்பந்து ஆட்சியாளர் வேறு வழியில் சென்றிருக்கிறார்கள். தலையைத் தாக்கியவனைத் தண்டித்து வெளியேற்றுகிறார்கள். அடிபட்டவனை அன்று மீண்டும் ஆடவிடுவதில்லை. ஊர்ச் சங்கங்களில் ஆடுவோர் மூளை அதிர்ச்சிக்குப்பின் குறைந்தது 21 நாள் போட்டியில் ஆடக்கூடாது என்பது 2024 முதல் விதி. இவையே போதும் என்று நாங்கள் கூறவில்லை. பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறுவதைப் பார்த்துக் கைதட்டும் பழக்கத்தைப் பற்றியும் அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் தொப்பியைவிட இருபத்தொரு நாள் ஓய்வு மேலான கவசம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

இதை அத்தையிடம் யார் சொல்வது?

இரண்டாம் ஞாயிறு கனத்த நெஞ்சோடுதான் ரயில் ஏறினோம். இம்முறை மகன்கூடச் சாளரத்தில் நிற்கவில்லை. அத்தை ராகி களியும் கீரைக் குழம்பும் செய்து வைத்திருந்தார். கடிதம் எழுதியதற்குப் பரிசாம். உண்டபின் சொன்னோம். தேங்காயை எடுத்துவரச் செய்து குலுக்கியும் காட்டினோம். அத்தை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், ‘அப்படியானால் அவருக்கு மட்டும் ஹெல்மெட் இருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்கிறீர்களே, அதுவும் பொய்தானா?’ என்று கேட்டார். குரல் சற்றே நடுங்கிற்று. இக்கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ‘இல்லை அத்தை, அது மெய். அது ரோடு’ என்றோம். அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். ‘அது மெய்யாக இருந்தால் சரி’ என்றார்.

அதன்பின் மெல்பர்னுக்கு அழைத்தோம். மகளிடம் இருபத்தொரு நாள் விதியைப் பற்றிக் கேட்டோம். ‘தெரியும் அக்கா, கையெழுத்துப் போட்டுத்தான் சேர்த்தோம். ஆனால் இவன் அடிபட்டாலும் சொல்லமாட்டான். வெளியே உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம்’ என்றாள். அத்தை கைப்பேசியை வாங்கிக்கொண்டார். பேரனை அழைக்கச் சொன்னார். அவனுக்குத் தமிழ் புரியும். விடை பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வரும். அத்தை அவனிடம் தேங்காய்க் கதையைச் சொல்லவில்லை, ஹெல்மெட்டையும் கேட்கவில்லை. தலை சுற்றினால், கண் இருண்டால், தலை வலித்தால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றார். ‘உன் தாத்தா விழுந்து எழுந்து, எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் குடித்தார்’ என்றார். எங்களுக்கே அது புதிய செய்தி. பத்தாண்டுக்கு மேலாக எவரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு பையன், ‘சொல்றேன் ஆயா’ என்றான்.

கைப்பேசியை வைக்குமுன் அத்தை இன்னொன்று சொன்னார். ‘போன வாரம் விழுந்தது நீயா, பிடித்தது நீயா என்று எனக்குத் தெரியவில்லை. கண் சரியில்லை.’ பையன் உடனே, பிடித்தவன் தான்தான் என்று ஆங்கிலத்தில் கத்தினான். அந்தப் பெண்மணியின் இளஞ்சிவப்புத் தொப்பியைப் பற்றி நாங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ஆலைகளில் ஞாயிறு விடுமுறை. ஆயினும் சாலையில் கூட்டம் குறையவில்லை. அத்தை நிலையம்வரை வழியனுப்ப வந்தார். வழியில் அந்தக் கம்பிவேலிக் கடைமுன் நின்று, ஒவ்வொரு கவசமாக விரலால் தட்டிப் பார்த்தார். அரைக் கவசங்களைச் சுட்டிக் கடைக்காரரோடு கன்னடத்தில் ஏதோ சண்டையிட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே தமிழில் விடை கூறினார்.

இக்கட்டுரையை முடிக்கும் தறுவாயில் அத்தை மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. பையன் நுரைத் தொப்பி ஒன்று வாங்கியிருக்கிறான். எவரும் கட்டாயப்படுத்தவில்லையாம். அடிக்காக அன்று, ஆயா பார்ப்பதற்காக என்று எழுதியிருக்கிறாள். நிறம், எங்கள் பொம்மனஹள்ளி ரயிலின் மஞ்சள்.